துணைக்கு ஒருவர்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் சுகம். மகளும் குழந்தையும் அவள் ஊரில் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

நேற்று உங்கள் போதகர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். வரவேற்பு மேசையில் யாருக்கோ சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் வெளிநாட்டில் நடக்கும் சபை மாநாட்டுக்கு உன்னைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். காய்ச்சலோடு நின்ற ஒருவர்கூடக் கை கொடுத்தார். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதை நீ ஏன் எனக்கு எழுதவில்லை? போதகர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா? சரி, கூச்சப்பட்டிருப்பாய்.

பிரதிநிதியோடு துணைக்கு ஒருவர் வரலாம், அவருக்கும் பயணச் சீட்டு உண்டு என்றார். இன்று காலையே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா உன் கையை என் கையில் பிடித்துக் கொடுத்த நாளிலிருந்து உனக்காக நான்தானே பேசுகிறேன். அங்கே மட்டும் வேறு யார் பேசுவார்கள்?

உடனே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடு. படத்துக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். காது இரண்டும் தெரிய வேண்டுமாம். உன்னுடையதுபோல் கேட்காவிட்டாலும் பரவாயில்லை போலிருக்கிறது, தெரிந்தால் போதும்!

முதல் சனிக்கிழமை வழக்கம்போல் வருகிறேன். பேங்க் வேலையை முடித்துவிட்டு, உன் வாடகை வீட்டுக்காரரிடம் அந்தக் குழாய் விஷயத்தையும் பேசிவிடலாம்.

கர்த்தர் உன்னை இவ்வளவு தூரம் உயர்த்தியதில் எனக்குப் பெருமைதான்.

உன் அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

பாஸ்போர்ட் விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. விசாரணைக்குப் போலீஸ்காரர் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே வந்தார். முதலாளியிடம் வெகுநேரம் பேசினார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது என் எதிரே வந்து, வாயை அகலத் திறந்து ஏதோ சொன்னார். உரக்கச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். முதலாளி காதைப் பொத்திக்கொண்டார்.

ஜூனிலும் அங்கே காலை வேளையில் குளிருமாம். முதலாளி தன் பழைய கோட்டைத் தந்திருக்கிறார். தோள் சரியாக இருக்கிறது, கை நீளம்.

துணைக்கு யார் என்று சபைக் கமிட்டி இன்னும் முடிவு செய்யவில்லை. விடுப்புக்கு அவசரப்பட வேண்டாம். அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

சனிக்கிழமை வந்தபோது மாநாட்டைப் பற்றிக் கேட்டேன். நீ ஒழுகுகிற குழாயைக் காட்டினாய். மறுபடி கேட்டேன். பேங்க் புத்தகத்தை எடுத்து நீட்டினாய். உனக்குப் பேச வராது என்று யார் சொன்னது? பேச்சை மாற்றுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

பெட்டி வாங்கிவிட்டேன், சக்கரம் வைத்தது. நம் இரண்டு பேர் துணிமணியும் அதில் அடங்கிவிடும். உன் ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் அதில் போடாதே, கைப்பையில் வைத்துக்கொள். பெட்டி ஒரு ஊருக்கும் நாம் ஒரு ஊருக்கும் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது? டாக்டரிடம் மருந்துச் சீட்டு ஒன்று புதிதாக எழுதி வாங்கு. இல்லை, நானே எங்கள் டாக்டரிடம் வாங்கிவிடுகிறேன். புதுச் செருப்பு வேண்டாம், காலைக் கடிக்கும். பாஸ்போர்ட்டை நகல் எடுத்து ஒன்றை அத்தானிடம் கொடுத்துவிடலாம்.

அங்கே காலையில் எப்படி எழுந்திருப்பாய்? நான் பக்கத்து அறையிலிருந்து வந்து எழுப்பிவிடுவேன். விமான நிலையத்தில் திடீரென்று வாசலை மாற்றிவிட்டு ஒலிபெருக்கியில்தான் சொல்வார்களாம். எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். ஒருமுறை ரயில் நிலையத்தில் நடைமேடை மாறியது தெரியாமல் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாயே, மறந்துவிட்டாயா? எனக்கு மறக்கவில்லை. ரயில் வந்தும் நீ இறங்கவில்லை என்றதும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் பெயரைக் கமிட்டியிடம் எழுதிக் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருப்பாய்.

உன் அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். நம் வீட்டுச் சைகையில் இதற்குச் சொல் இல்லை. வா, போ, சாப்பிடு, வலிக்கிறதா, அவர் திட்டுகிறார், எல்லாம் சரி. நம்மிடம் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். ஆகவே எழுதுகிறேன்.

துணைக்கு எங்கள் சபைத் தையற்காரியின் பெயரைக் கொடுத்தேன். கமிட்டி ஏற்றுக்கொண்டது. அவருக்கும் காது கேட்காது என்பது உனக்குத் தெரியும்.

இது காது கேளாதோர் சபைகளின் மாநாடு. பிரசங்கம், விவாதம், சாப்பாட்டு மேசைப் பேச்சு எல்லாம் சைகையில். மேடையில் ஒலிபெருக்கிகூட இருக்காது என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே காது கேட்கிறவர்களுக்குத்தான் துணை வேண்டும். நீ வந்தால் நான்தான் உனக்காகப் பேச வேண்டியிருக்கும்.

தலையணைக்கு அடியில் வைத்தால் அதிர்ந்து எழுப்பும் கடிகாரம் ஒன்று வாங்கியிருக்கிறேன். விமான நிலையத்தில் வாசல் மாறினால் பலகையிலும் மாறும். ரயில் நிலையத்தில் நான் உட்கார்ந்திருந்தது உண்மை. காது கேட்கிற ஒரு குடும்பமும் என்னோடு அதே நடைமேடையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கி பழுதாம். இதை அன்றே உனக்குச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் எல்லோருக்கும் சைகையில் ஒரு பெயர் உண்டு. போதகர் தாடி. தையற்காரி ஊசி. நான் கண்ணாடி. உனக்கும் உண்டு. விரல்களைக் குவித்து உதட்டருகே வைத்துத் திறந்து மூடுவது. வாய் என்று அர்த்தம். யாரும் கேலியாகச் செய்வதில்லை. எனக்காகப் பேசுகிறவள் என்பதால் வந்த பெயர்.

விசா நேர்காணலுக்கு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு நானே போகிறேன். கோபப்படாதே என்று எழுதமாட்டேன். கோபப்படு. ஆனால் வராதே.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தான் படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தார்.

உங்கள் ஆராதனைக்கு நான் வரும்போதெல்லாம் ஆளாளுக்கு என்னைப் பார்த்து விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோவார்கள். சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன்! ஆமாம், ஆமாம், வயிறு நிறைய ஆயிற்று என்று தடவிக் காட்டினேன். இத்தனை வருடமாக. அவர்களும் பாவம், தலையாட்டிக்கொண்டே போனார்கள்.

விடுப்பை ரத்து செய்துவிட்டேன். பெட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அத்தான் கேட்டார். வேண்டாம், அவனே கொண்டுபோகட்டும் என்றேன். தையற்காரியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குத் தைத்துக் கொடுத்த சட்டை இன்னும் அளவாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

ஆனால் நேர்காணலுக்கு வருவேன். தூதரகம் அனுப்பிய தாளில், தேவைப்பட்டால் பேச உதவிக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று இருப்பதாகப் போதகர் சொன்னார். தேவையா இல்லையா என்று நீ ஒருவனே முடிவு செய்தால் எப்படி? கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறவர்கள் உன் நோட்டைப் படித்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பார்களா? நான் ஒரு நாளைக்கு எத்தனை பேரை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து விரட்டுகிறேன் என்று எனக்குத் தெரியாதா?

தூதரக வாசலில் நிற்பேன். அதற்குமேல் உன் இஷ்டம்.

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

நேர்காணலைப் பற்றி நீயே எழுதுவாய் என்று காத்திருந்தேன்.

நான் பார்த்ததை எழுதுகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள். உதடு மெலிது, அதிகம் அசையவில்லை, படிக்க முடியவில்லை. என் நோட்டைத் திறந்து கண்ணாடியில் வைத்தேன். அதற்குள் நீ பேச ஆரம்பித்தாய். அவர் நோட்டை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தார். நீ பேசினாய், அவர் பேசினார். நீ என் தோளில் தட்டிச் சிரித்தாய். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார், யாரோ விட்டுப்போன பெட்டியைப் பார்ப்பதுபோல. பிறகு ஏதோ கேட்டார். நீ உடனே பதில் சொல்லவில்லை. என்ன என்று கேட்டேன். எல்லாம் சரி என்று கையைக் காட்டினாய்.

அடுத்த கூண்டில் தையற்காரி நோட்டை நீட்டினார். அந்த அதிகாரி எழுதிக் கேட்டார், இவர் எழுதிப் பதில் சொன்னார். நாம் வெளியே வருவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு விசா வந்துவிட்டது.

எனக்குப் போன வாரம் ஒரு கடிதம் வந்தது. விசா மறுக்கப்படவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பதாரர் தனியாகத் தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாதவர் என்று குடும்பத்தினரே நேர்காணலில் தெரிவித்திருப்பதால், அவர் தனித்துப் பயணம் செய்யக்கூடியவர் என்று அதே குடும்பத்தினர் கையெழுத்திட்டு, மே மாதம் பத்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டுமாம்.

போதகர் எழுதிக் கொடுத்தார். செல்லாது என்றுவிட்டார்கள். நீதான் எழுத வேண்டும்.

நீ என்ன சொன்னாய்?

தம்பி


ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சில நாளாயிற்று. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நீங்க இவருக்கு யாரு?" என்று கேட்டார்.

"அக்காங்க. இவனுக்குக் காது கேக்காது. நான்தான் எல்லாம் பேசுவேன்."

"போனா திரும்பி வந்துடுவார்னு எப்படி நம்பறது? நெறைய பேரு அங்கயே தங்கிடறாங்க."

அந்த இடத்தில்தான் உன் தோளில் தட்டினேன். "இவனா? நல்லா கேட்டீங்க போங்க. நான் இல்லாம பேங்குக்குக்கூடப் போகமாட்டான். வீட்டுக்காரர்கிட்ட ஒரு குழாய் ஒழுகுதுன்னு சொல்லக்கூட நான்தான் பஸ் ஏறி வரணும். ஒரு நாள் தனியா விட்டா தாங்கமாட்டான். ஓடி வந்துடுவான், பாருங்க."

"அப்படியா? அப்ப இவரைத் தனியா எப்படி அனுப்பறீங்க?"

இதற்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை. நீ என்ன என்று கேட்டாய். எல்லாம் சரி என்று காட்டினேன். சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

நீ திரும்பி வருவாய் என்று அவரை நம்பவைக்கப் பார்த்தேன், அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்தாயா என்று நீ கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பேன். ஆனால் அந்த அம்மாள் அப்படிக் கேட்டதும் என் மனதின் ஒரு மூலை குளிர்ந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கேட்ட கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். 'ஓரளவு தன்னைப் பார்த்துக்கொள்வார்' என்று எழுதினேன். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "அதென்ன ஓரளவு?" என்றார்.

"பின்ன என்னங்க எழுதறது? பொய்யா எழுத முடியும்?"

"அந்தக் கடையில எத்தன வருஷமா வேல பாக்கறான்? ஒரு தடவையாவது அந்த மொதலாளி உனக்குப் போன் பண்ணி, உன் தம்பி சொல்றது புரியல, வந்து பேசும்மான்னு கூப்பிட்டிருக்காரா?"

"இல்ல."

"சபையில ஓட்டுப் போட்டு இவன அனுப்பறாங்களே, அதுக்கு நீ போய்ப் பேசினியா?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். ஏதாவது ஒரு காரியம், நான் இல்லாமல் நீ கெடுத்த ஒரே ஒரு காரியம், நினைவுக்கு வரும் என்று பார்த்தேன். ரயில் நிலையம் ஒன்றைத்தான் வைத்திருந்தேன். அதையும் நீ ஒலிபெருக்கி பழுது என்று சொல்லிவிட்டாய்.

வேறு தாளில் எழுதினேன். இத்துடன் இருக்கிறது. என் தம்பி தனியாகப் பயணம் செய்யவும், தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளவும் முழுமையாக இயன்றவர். நேர்காணலில் நான் சொன்னது தவறு. இவ்வளவுதான். எங்கள் பெரிய டாக்டரிடம் முத்திரை வைத்து வாங்கியிருக்கிறேன். பதிவுத் தபாலில் நீயே அனுப்பு. நான் அனுப்பினால் நாளைக் கடத்துவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கையில்லை.

பெட்டியை அத்தான் பேருந்து நடத்துநரிடம் கொடுத்து அனுப்புவார். நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொள்.

அக்கா


மே 23

அன்புள்ள அக்காவுக்கு,

விசா வந்துவிட்டது. பெட்டியும் வந்தது. நல்ல பெட்டி.

மாத்திரை கைப்பையில். நகல் போதகரிடம். தங்கும் விடுதியின் முகவரியை இரண்டு அட்டைகளில் எழுதி, ஒன்றைச் சட்டைப் பையிலும் ஒன்றைக் கோட்டிலும் வைத்திருக்கிறேன். கோட்டின் கையைத் தையற்காரி சுருக்கிக் கொடுத்தார். ஜூன் முதல் தேதி காலையில் புறப்படுகிறோம்.

வழியனுப்ப வர வேண்டாம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடம். கதவு மணியை அழுத்தினால் அறையில் விளக்கு மினுக்குகிறது. கடிகாரம் ஒழுங்காக எழுப்புகிறது.

விமான நிலையத்தில் சிரமம் இல்லை. இங்கே வந்த பிறகுதான் இருந்தது. உனக்கு நான் பெருமையாக எழுதியிருந்தேன், அங்கே எல்லாம் சைகைதான் என்று. சைகைதான். ஆனால் ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒவ்வொரு சைகை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரியாது. முதல் நாள் அவ்வளவு பெரிய மண்டபத்தில், அத்தனை கைகள் பேசிக்கொண்டிருக்க, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றவர்கள் சிரித்தபோது சிரித்தேன். ஒருவர் என் எதிரே வந்து எதையோ மூன்று முறை கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் குழம்பிப் போய்விட்டார்.

நீ எங்கள் ஆராதனையில் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவது நினைவுக்கு வந்தது. உனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

தையற்காரி என்னைவிடச் சீக்கிரம் பழகிவிட்டார். நான் மூன்றாம் நாள் தேறினேன். நேற்று எங்கள் சபையைப் பற்றி மேடையில் பேசினேன். நடுவில் ஒரு இடத்தில் தவறாகக் காட்டியதில் மண்டபமே சிரித்தது. நான் 'சபை மூப்பர்' என்றது அவர்களுக்கு 'கிழட்டுக் குதிரை' என்று போயிருக்கிறது.

ஒரு சாயங்காலம் தவறான நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அட்டையைக் காட்டினேன். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் மாவு படிந்த காகிதத்தில் வழி வரைந்து கொடுத்தார். வந்து சேர்ந்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேங்குக்கு நானே போவேன். மேலாளரின் கண்ணாடியைச் சரிசெய்வதே நான்தான், நோட்டில் எழுதிப் பேசிக்கொள்வோம். குழாய்க்கு வேண்டியது ஒரு வாஷர். ஐந்து நிமிட வேலை. வீட்டுக்காரரோடும் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. முதல் சனிக்கிழமை நீ வருவாய் என்று, மாதம் முழுவதும் வேலைகளைச் சேர்த்து வைப்பேன். வேலை இல்லாவிட்டால் நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். நீ தூதரகத்தில் அந்த அம்மாளிடம் சொன்னது, நான் உனக்குக் காட்டியதைத்தான். அதில் உன் தவறு பாதிதான்.

பதினான்காம் தேதி திரும்புகிறேன்.

தம்பி


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பாய். உன் கடிதத்தை அத்தானுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். கிழட்டுக் குதிரைக்கு அவர் சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியே மறந்துவிட்டது. குழாய் விஷயத்துக்கு நான் சிரிக்கவில்லை. அந்த வாஷருக்காக வீட்டுக்காரரை நான் என்னவெல்லாம் பேசினேன்! அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். எழுதிக் கேள்.

இங்கே ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். மகள் மூன்று வருடமாக எங்களைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அத்தானுக்கும் அந்த ஊர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நான்தான் தம்பி தனியாக இருக்கிறான், அவனுக்கு யார் பேசுவார்கள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அத்தான் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் கேட்டார், "இப்ப மகளுக்கு என்னன்னு எழுதட்டும்?" வருகிறோம் என்று எழுதச் சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இந்த மாதக் கடைசியோடு சரி. என் மேசைக்கு வரப்போகிற பெண் மெதுவாகப் பேசுகிறாள். வரிசையில் இருப்பவர்களுக்கு அது பிடித்திருக்கிறது.

கோபமா என்று கேட்பாய். மார்ச்சில் இருந்தது. இப்போது எப்படியோ இருக்கிறது. கையில் எப்போதும் தூக்கிக்கொண்டே இருந்த பையை யாரோ வாங்கிக்கொண்டால், கை கொஞ்ச நேரம் அப்படியே மடங்கி நிற்குமே, அப்படி. நேராகிவிடும்.

மகளின் ஊர் உனக்கு ஒரு பகல் பயணம். இனி முதல் சனிக்கிழமைகளில் என்னால் வர முடியாது. நீ வா. அங்கே உன்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. குழாயெல்லாம் நன்றாக இருக்கிறது. சும்மா வா. தையற்காரிக்கும் வர விருப்பம் இருந்தால் அழைத்து வா. சைகையில் நான் ஆனா ஆவன்னாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். குழந்தையும் நானும் ஒரே வகுப்பு.

முகவரியைக் கடித உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். எங்கே இறங்குவது, எந்தப் பேருந்து என்றெல்லாம் எழுத வந்தேன். நிறுத்திவிட்டேன். நீ யாரிடமாவது கேட்டு வந்து சேர்ந்துவிடுவாய்.

அக்கா